முதலில் மேல் பிளக்: சனையா அண்ணனுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

இப்படித் தொடங்கி ஒரு கடிதம் எழுதி எத்தனை வருஷமாயிற்றோ! உங்கள் ஓமான் நம்பர் இப்போது வேறு யாருக்கோ போய்விட்டது. அழைத்தால் ஒரு அம்மா அரபியில் அதட்டுகிறார். ஊர் நம்பரை நீங்கள் தரவில்லை, நானும் கேட்டு வாங்கவில்லை. தினம் பார்க்கிற மனுஷரிடம் யார் ஊர் நம்பர் கேட்கிறார்கள்? சாயல்குடிப் பக்கம் என்பதுதான் எனக்குத் தெரிந்த உங்கள் முழு விலாசம். அதனால்தான் பத்திரிகையில் எழுதுகிறேன். உங்கள் கண்ணில் படாவிட்டாலும் ஊர்க்காரர் யாராவது டீக்கடையில் படித்துவிட்டு உங்களிடம் சொல்ல மாட்டாரா?

நான் யாரென்று உடனே பிடிபடாது. நிஸ்வா சனையாவில் உங்களிடம் வந்து போன வெள்ளைப் பிக்கப்புகள் கொஞ்சமா நஞ்சமா? பம்ப்-செட் வண்டிக்காரன் என்றால் புரியும். 2012 மாடல் ஹைலக்ஸ், 2.7 லிட்டர் பெட்ரோல், ஃபோர் வீல். பின்னால் எப்போதும் நீர்மூழ்கி மோட்டாரும் பைப்பும் கேபிளும் கிடக்கும். பேரீச்சந்தோட்டம் தோட்டமாகப் போய் மோட்டார் இறக்குகிற அறந்தாங்கிக்காரன். இப்போது ஞாபகம் வந்திருக்கும்.

சனையா தெரியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. வளைகுடாவில் ஒவ்வொரு ஊரின் ஓரத்திலும் பட்டறைகளுக்கென்று ஒதுக்கிய பேட்டைதான் அது. வெல்டிங், டிங்கரிங், டயர், ரேடியேட்டர், இன்ஜின் வேலை எல்லாம் ஷட்டர் ஷட்டராக வரிசையில் இருக்கும். ஒரு ஷட்டரில் மலையாளம், அடுத்ததில் உருது, அதற்கடுத்து வங்காளம். அண்ணனின் ஷட்டரில் தமிழ் கேட்டது.

முதல்முதலாக உங்களிடம் நான் ஓட்டிக்கொண்டு வரவில்லை. ரிக்கவரி வண்டியின் முதுகில் ஏற்றிக்கொண்டு வந்தேன். 2019 மார்ச் மாதம். வேறோர் ஊரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் (பெயர் வேண்டாம், அவர்களும் பிழைக்க வந்தவர்கள்தான்) பின் ஹவுசிங் ஆயில் மாற்றக் கொடுத்திருந்தேன். அங்கிருந்த பையன் அடியில் நுழைந்து கீழ் பிளக்கைக் கழற்றி ஆயில் முழுவதையும் வடித்துவிட்டான். அதற்கப்புறம்தான் புது ஆயில் ஊற்ற மேல் பிளக்கைத் திருகினான். அது அசையவில்லை. வாய் திறந்த ஸ்பானரைப் போட்டு இழுத்தான், சுத்தியலால் தட்டினான், கடைசியில் பைப் ரிஞ்சைப் போட்டுக் கடித்தான். அறுகோண பிளக் ஒரு மணி நேரத்தில் வட்டமாகிவிட்டது. வண்டி வெறும் வயிற்றோடு நின்றது. ஓட்டவும் முடியாது, ஊற்றவும் முடியாது.

நீங்கள் பார்த்தீர்கள். யாரையும் திட்டவில்லை. ஒரு சைஸ் சின்ன சாக்கெட்டை அடித்து ஏற்றிப் பார்த்தீர்கள், வழுக்கியது. அப்புறம் ஈரத் துணியைச் சுற்றிலும் அணைத்து வைத்து, வட்டமாகிப்போன பிளக்கின் தலைமேல் ஒரு பழைய நட்டை வைத்து, பக்கத்து ஷட்டர் வெல்டரைக் கூப்பிட்டு உள்பக்கமாகப் பற்றவைக்கச் சொன்னீர்கள். வெல்டிங் சூடு இறங்க இறங்க, அந்த நட்டில் ஸ்பானரைப் போட்டு ஒரே இழுப்பு. "டொக்" என்று ஒரு சத்தம். நான்கு மணி நேரமாக யாருக்கும் மசியாத பிளக் அடுத்த நிமிஷம் உங்கள் உள்ளங்கையில் கிடந்தது.

அப்போது நீங்கள் சொன்னதை என் டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். "ஊத்துற வழி திறக்குதான்னு பாக்காம வடிக்கிற வழியத் திறந்தா வண்டி பட்டினிதான் கெடக்கும் தம்பி. மொதல்ல மேல் பிளக்கு. அது கழண்டாத்தான் கீழ கைய வைக்கணும்."

இதைச் சொல்ல ஒரு மேஸ்திரி வேண்டுமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஆமாம், வேண்டும். இன்ஜின் ஆயில் மாற்றத் தெரிந்த எவனும் இந்தத் தப்பைச் செய்வான். இன்ஜினில் மூடியைக் கையால் திருகினாலே திறந்துவிடும். அதனால் முதலில் வடிப்பதுதான் பழக்கம். ஹவுசிங் அப்படியில்லை. மேலே கீழே இரண்டும் இரும்பு பிளக். சேறும் உப்பும் வெயிலும் தின்று, வருஷக்கணக்கில் யாரும் தொடாத மறை.

நம் ஆட்கள் அதை டிஃபரன்ஷியல் என்று எங்கே சொல்கிறார்கள்? கிரவுன் என்பார்கள், ஹவுசிங் என்பார்கள். பின்னச்சின் நடுவில் பூசணிக்காய் போலப் புடைத்திருக்குமே, அதுதான். அது எதற்கென்று நான் கேட்டபோது நீங்கள் படம் போட்டுக் காட்டவில்லை. "களத்துல பிணையல் மாடு சுத்துறத பாத்திருக்கியா?" என்று திருப்பிக் கேட்டீர்கள். பார்த்திருக்கிறேன். நான்கைந்து மாட்டை ஒரே கயிற்றில் பிணைத்துச் சூட்டின்மேல் சுற்ற விட்டால், உள்ளே நிற்கிற மாடு நின்ற இடத்திலேயே கால் மாற்றும். வெளி மாடு ஓட்டமும் நடையுமாகச் சுற்றி வரும். கயிறு ஒன்றுதான், நடை வேறு வேறு. வண்டி திரும்பும்போது வெளிச் சக்கரம் கூடுதல் தூரம் போக வேண்டும். இரண்டு சக்கரத்தையும் ஒரே கம்பியில் இறுக்கிவிட்டால் ஏதோ ஒன்று தரையில் தேய்ந்து இழுபடும். மாட்டுவண்டிக்கு அந்தக் கவலையில்லை. அச்சு சும்மா கிடக்கும், கடையாணிக்குள் சக்கரம் தனித்தனியாகச் சுற்றும். இங்கேயோ அச்சே சக்கரத்தைத் தள்ள வேண்டும், இரண்டையும் தள்ள வேண்டும், வேறு வேறு வேகத்தில் போகவும் விட வேண்டும். அதற்குத்தான் அந்தப் பூசணிக்காய்க்குள் நான்கு சின்னப் பல்சக்கரங்கள்.

என் பையன் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கிறான். பிணையல் மாட்டை அவன் பார்த்ததேயில்லை. ஆனாலும் இதைச் சொன்னதும், பாடத்தில் இருந்த படம் அப்போதுதான் சுற்ற ஆரம்பித்தது என்றான்.

ஆயில் விஷயத்தில் நீங்கள் இன்னும் கறார். பெரிய கிரவுன் சக்கரமும் அதைச் சுற்றுகிற பினியனும் நேருக்கு நேர் நடுவில் சந்திப்பதில்லை, பினியன் கொஞ்சம் கீழே தள்ளி உட்கார்ந்திருக்கும் என்று ஒரு கழற்றிய ஹவுசிங்கைக் காட்டி விளக்கினீர்கள். ஹைப்பாய்டு என்பது அதன் பெயர். 1920-களில் பேக்கார்ட் கார்களில் வந்து பிறகு ஊரெங்கும் பரவிய அமைப்பு. ஷாஃப்ட் தாழ்ந்து போவதால் காரின் தரையைத் தாழ்த்தலாம், பல்லும் சத்தமில்லாமல் ஓடும். ஆனால் பல்லோடு பல் உருண்டு பொருந்துவதோடு நிற்காது. அழுத்திக்கொண்டே வழுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தில் சாதாரண ஆயிலின் படலம் பிதுங்கி வெளியே போய்விடும், இரும்பு இரும்பைத் தொட்டுவிடும். அதனால்தான் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்தை ஆயிலில் சேர்க்கிறார்கள். சூடும் அழுத்தமும் ஏறுகிற இடத்தில் அது இரும்போடு சேர்ந்து ஒரு மெல்லிய தோலாகப் படிந்துகொள்கிறது. அந்த ஆயிலில் அடிக்கிற அழுகின முட்டை நாற்றம் அந்தக் கந்தகத்தின் நாற்றம்தான். அந்த நாற்றத்தோடு நான் ரூமுக்குப் போனால் கூட இருப்பவர்கள் வெளியிலேயே குளித்துவிட்டு வா என்று விரட்டுவார்கள்.

"ரெண்டு டப்பாலயும் 90-ன்னுதான் போட்டிருப்பான். பின்னாடி திருப்பிப் படி" என்பீர்கள். ஜிஎல்-4 என்றால் மருந்து குறைவு, ஜிஎல்-5 என்றால் ஏறக்குறைய இரட்டிப்பு. ஹவுசிங்குக்கு ஜிஎல்-5-தான். நல்லதுதானே என்று அதையே கியர்பாக்ஸில் ஊற்றினால், உள்ளே இருக்கிற பித்தளை வளையங்களை அந்த மருந்து அரிக்கக்கூடும். விலை கூடியது எல்லா இடத்துக்கும் ஒத்துவராது என்று அன்று தெரிந்துகொண்டேன். இன்றைக்கும் கடையில் டப்பாவைத் திருப்பிப் படிக்கிற என்னைக் கல்லாவில் இருப்பவர் ஒரு மாதிரி பார்க்கிறார்.

ஜபல் அக்தர் விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். நிஸ்வாவிலிருந்து பிர்கத் அல் மவ்ஸ் போய் அந்த மலையில் ஏறுமுன் போலீஸ் சோதனைச் சாவடி உண்டு. நான்கு சக்கர இழுவை வண்டி இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மேலே சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் மாதுளையும் ரோஜாவும் விளைகிற ஊர்கள். என் பிழைப்பில் பாதி அங்கேதான். சாவடியில் "ஃபோர் வீல்?" என்று கேட்பார், "ஆம்" என்பேன், போகச் சொல்வார். அதோடு சரி. சாலை நல்ல தார் ரோடு. காய்ந்த தாரில் ஃபோர் வீல் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும் என்பதால் லீவரை நான் தொட்டதேயில்லை. வருஷக்கணக்கில் தொடவில்லை. அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது: பத்திரமாக வைத்திருக்கிறேனாம்!

இதைச் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். "பூட்டி வச்ச வீடு பத்திரமா இருக்கும்னு எவன் சொன்னான்? கரையான்தான் குடியிருக்கும்." டொயோட்டா தன் கைப்புத்தகத்திலேயே சொல்கிற விஷயம் இது: மாதம் ஒருமுறையாவது 16 கிலோமீட்டர் ஃபோர் வீலில் ஓட்டச் சொல்கிறார்கள், முன்பக்கத்து உறுப்புகளில் ஆயில் நனைவதற்காக. என் முன் ஹவுசிங்கையும், கியர்பாக்ஸுக்குப் பின்னால் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கிற ட்ரான்ஸ்ஃபர் கேஸையும் அன்று திறந்து காட்டினீர்கள். அந்த முன் ஹவுசிங் ஆயில் வண்டியோடு கப்பலில் வந்ததாகத்தான் இருக்க வேண்டும். ஓடாத ஆயில் கெடாது என்று நினைத்திருந்தேன். வெயிலில் காய்ந்து, இரவில் குளிர்ந்து, ஒவ்வொரு முறையும் மூச்சுக்குழாய் வழியே கொஞ்சம் காற்றும் ஈரமும் இழுத்து இழுத்து, அது ஆயில் என்று சொல்ல முடியாத ஒரு கசண்டாகக் கிடந்தது.

அந்த மூச்சுக்குழாயை அதுவரை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. 2021 அக்டோபரில்தான் அதன் அருமை தெரிந்தது.

ஷாஹீன் புயல் அக்டோபர் 3 அன்று பாத்தினாக் கரையில் ஏறியது. சுவைக், காபூரா பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். நாடு முழுக்க இருந்து ஓமானியர்கள் தண்ணீர் பாட்டிலும் அரிசியுமாகக் கிளம்பிப் போனார்கள். எங்கள் அர்பாப்பும் (முதலாளி) மூன்று வண்டியைச் சேறு இறைக்கிற பம்போடு அனுப்பினார். ஒன்று என்னுடையது. நான்கு நாள். தெருவா ஓடையா என்று தெரியாத சகதியில் போனோம், வந்தோம். பம்பருக்குக் கீழேதானே தண்ணீர் என்று நான் தைரியமாக இறங்கினேன். திரும்பி வந்து வண்டியைக் கழுவி, பளபளவென்று உங்கள் ஷட்டர் முன்னால் நிறுத்தி, "ஒன்றுமில்லண்ணே, பிரேக் மட்டும் பாருங்க" என்றேன்.

நீங்கள் பிரேக்கைப் பார்க்கவில்லை. நேராகப் பின்னால் படுத்தீர்கள். முதலில் மேல் பிளக். அது கழன்றது (நீங்கள் மாட்டிய பிளக்காயிற்றே). பிறகு கீழ் பிளக்.

அதில் இருந்து வந்ததை நான் மறக்க மாட்டேன். கறுப்பாகத் தேன்போல இறங்க வேண்டிய ஆயில், பால் அதிகம் விட்ட டீ போலக் குழம்பி வழிந்தது. ஒரு விரலில் எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினீர்கள். "இது ஆயிலா, ஆவின் பாலா?"

காரணத்தையும் சொன்னீர்கள். ஓடி ஓடிச் சூடேறின ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் திடுமென இறங்கினால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கும். சுருங்கின காற்று எங்கிருந்தாவது மூச்சை இழுக்கும். மூச்சுக்குழாயின் வாய் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் இழுக்கும். அது அடைத்திருந்தால் சீல் ஓரமாக இழுக்கும். கொதிக்கிற தோசைக்கல்லைத் தொட்டியில் முக்கினமாதிரி என்றீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் வண்டி நின்றுவிடும், ஆள் பதறிப்போய் ஏதாவது செய்வான். ஹவுசிங்குக்குள் போனால் ஒன்றும் தெரியாது. வண்டி வழக்கம்போல ஓடும். மூன்று மாதமோ ஆறு மாதமோ கழித்துப் பேரிங் துருப்பிடித்து ஊளையிட ஆரம்பிக்கும்போது புயலை எல்லாரும் மறந்திருப்பார்கள்.

பின் ஹவுசிங், முன் ஹவுசிங் இரண்டும் பால். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் மட்டும் தப்பித்திருந்தது, அது உயரத்தில் இருப்பதால். ஆனாலும் அதையும் மாற்றினீர்கள். புது ஆயில் ஊற்றி, என்னை இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொல்லி, அந்தப் புது ஆயிலையும் வடித்துக் கொட்டி, மறுபடி ஊற்றினீர்கள். இரண்டு முறை ஆயில், ஒரு முறை கூலி. பிறகு பின் அச்சின் மூச்சுக்குழாயில் ஒரு ரப்பர் டியூபை மாட்டி, அதை பாடியின் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிட்டீர்கள். அந்த டியூப் இப்போதும் இருக்கிறது.

அன்றைக்கே நான் பணத்தை நீட்டியபோது நீங்கள் சொன்னது இதுதான்: "அடுத்த தடவ நீயே மாத்து. நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன்."

அது 2022 ஜூனில் நடந்தது. மதியம் பன்னிரண்டரை முதல் மூன்றரை வரை திறந்த வெயிலில் வேலை செய்யக் கூடாது என்று ஓமானில் கோடை மாதங்களில் சட்டம் உண்டு. மோட்டார் இறக்குகிற எனக்கு அது ஓய்வு நேரம். உங்கள் ஷட்டருக்குள் நிழல். கத்தாழை ஜூஸ் டின் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டு என்னைப் படுக்க வைத்தீர்கள். நீங்கள் கவிழ்த்த பக்கெட்டின்மேல் சுலைமானியோடு உட்கார்ந்தீர்கள்.

மல்லாந்து படுத்தவுடன் முதல் குழப்பம், எந்தப் பக்கம் திருகினால் கழலும்? நின்றுகொண்டு செய்கிற வேலையில் கை தானாகத் திரும்பும். படுத்தால் மூளை தலைகீழாகிவிடுகிறது. நான் இறுக்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் டீயை ஒரு வாய் குடித்தீர்கள். நானே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டீர்கள் என்பது பிறகுதான் உறைத்தது. 24 நம்பர் ரிங் ஸ்பானர். வாய் ஸ்பானரைத் தொடவே விடவில்லை. இரண்டு பக்கம் பிடித்தால் முனை மழுங்கும், ஆறு பக்கமும் பிடித்தால்தான் பிளக் பிழைக்கும். முன் ஹவுசிங்குக்கு மட்டும் 10 நம்பர் ஆலன் கீ. அந்தக் குழியில் சேறு அடைத்திருந்தது. கீயை அப்படியே சொருகப் போனேன். "பல்லு விளக்காமச் சாப்பிடுவியா?" என்றீர்கள். ஒரு கம்பியால் குழியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, கீயை முழு ஆழத்துக்குத் தட்டி இறக்கின பிறகுதான் திருக விட்டீர்கள்.

ட்ரான்ஸ்ஃபரின் மேல் பிளக் கீழ் பிளக் இரண்டும் பின்பக்கத்தைப் பார்த்தபடி இருக்கும். பக்கத்திலேயே கியர்பாக்ஸின் பிளக்குகளும் உண்டு. பார்வைக்கு அண்ணன் தம்பி. நான் கியர்பாக்ஸில்தான் முதலில் ஸ்பானரை மாட்டினேன். அப்போதுதான் பக்கெட்டிலிருந்து எழுந்தீர்கள்.

வடித்த பிறகு பிளக்கைத் துடைக்கப் போன என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். அதன் முனையில் ஒரு காந்தம். அதில் ஒட்டியிருந்த சாம்பல் நிறப் பசையை இரண்டு விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துக் காட்டினீர்கள். பசை மாதிரி வழவழவென்று இருந்தால் அது பல் தேய்ந்த மாவு, வயசுக்கு வருவது, கவலையில்லை. நெருடினால், கண்ணுக்குத் தெரிகிற சில் இருந்தால், உள்ளே ஏதோ உடைகிறது. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வது மாதிரி. ஒன்றும் பார்க்காமல் துடைத்துப் போட்டுவிட்டால், மாற்றியது வெறும் ஆயில்தான். வண்டி சொல்ல வந்த சேதி குப்பைக்குப் போய்விடும்.

கொழகொழ ஆயிலை அடியில் படுத்துக்கொண்டு எப்படி ஊற்றுவது? மேலே பாடிக்கும் டயருக்கும் இடையிலிருந்து ஒரு டியூபை இறக்கி, அதன் தலையில் பாதியாக அறுத்த தண்ணீர் பாட்டிலைப் புனலாகச் சொருகிவிட்டீர்கள். பின்னுக்கு மூன்று லிட்டர் பக்கம், முன்னுக்கு ஒன்றரை, ட்ரான்ஸ்ஃபருக்கு ஒரு லிட்டர் சொச்சம். அளவு பாட்டிலில் இல்லை, ஓட்டையில் இருக்கிறது: சமதரையில் நிறுத்தி, மேல் ஓட்டையின் உதட்டில் ஆயில் வழியும்வரை. வழிந்தது நிற்கும்வரை பொறுத்து, புது வாஷர் போட்டு மூட வேண்டும். பழைய வாஷரையே போட்டால் என்ன என்று கேட்டேன். ஒரு வாஷர் நூறு பைசாவோ இருநூறு பைசாவோ. நீங்கள் பதிலே சொல்லவில்லை. பழையதை எடுத்துத் தூர எறிந்தீர்கள்.

இப்போது இந்த மடலின் காரியத்துக்கு வருகிறேன்.

அண்ணே, நீங்கள் பங்குக்கு வேலை செய்தவர். வருகிற வேலையில் பாதி அர்பாப்புக்கு, பாதி உங்களுக்கு. வேலை இல்லையென்றால் பாதியும் இல்லை. அப்படியிருக்க, வாடிக்கையாய் வருகிற ஒருவனுக்கு வேலையையே கற்றுக்கொடுத்து அனுப்பினீர்கள். அன்றிலிருந்து ஹவுசிங் ஆயில் மாற்ற நான் எந்தப் பட்டறைக்கும் போனதில்லை. என்னைப் பார்த்து எங்கள் கம்பெனியின் மற்ற இரண்டு டிரைவர்களும் படுத்துக்கொண்டு ஸ்பானர் பிடிக்கிறார்கள். கணக்குப் போட்டால் உங்களுக்கு நல்ல நஷ்டம். ஏன் கற்றுக்கொடுத்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "மலையில ஏறிப் போறவன். நடுவழியில நின்னா நானா வர முடியும்?" என்றதோடு அடுத்த வண்டிக்கடியில் போய்விட்டீர்கள்.

அந்த மலைப்பாதையில் பிரேக் காய்ந்துபோய் ஓரம் கட்டின வண்டிகளை நான் வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். நான் இதுவரை நின்றதில்லை. இதை நான் அதிர்ஷ்டக் கணக்கில் எழுதவில்லை.

சனையாவில் இன்ஜின் ஆயில் மாற்றினால் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அடுத்த தேதி, அடுத்த கிலோமீட்டர். ஹவுசிங்குக்கு ஸ்டிக்கர் கிடையாது. வண்டி விற்கும்போதும் கேட்பாரில்லை. சில கம்பெனிகள் சில வண்டிகளுக்கு இந்த ஆயிலை ஆயுசு முழுக்க மாற்ற வேண்டாம் என்றே சொல்கின்றன. யாருடைய ஆயுசு என்று சொல்வதில்லை. 1968-ல் பிறந்து, 1979-லிருந்து நான்கு சக்கரத்தாலும் இழுக்கிற இந்த ஹைலக்ஸுக்கு உலகமெங்கும் சாகாத வண்டி என்று பெயர். கொன்றாலும் சாகாது என்று டெலிவிஷனில் கடலில் முக்கி, தீ வைத்தெல்லாம் காட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு ஆயில்கூட மாற்றாதவர்களின் ஹைலக்ஸ்கள் செத்துக் கிடந்ததை உங்கள் ஷட்டருக்குப் பின்னால் நான் பார்த்திருக்கிறேன்.

2023-ல் நான் லீவு முடிந்து திரும்பியபோது உங்கள் ஷட்டரில் வேறு போர்டு. ஏசி கேஸ் நிரப்புகிறார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லையென்று நீங்கள் விசா கேன்சலில் போய்விட்டதாக வெல்டர் சொன்னார். போகுமுன் என்னைக் கேட்டீர்களாம். அந்தச் சமயம் நான் ஊரில், அறந்தாங்கியில், உங்களுக்கு நூறு கிலோமீட்டர் சொச்சம் தள்ளித்தான் இருந்திருக்கிறேன். நன்றி என்று ஒரு வார்த்தை நேரில் சொல்லவில்லை. நம் ஆட்கள் நன்றியை வாயால் சொல்லமாட்டார்கள். டீ வாங்கிக் கொடுப்பார்கள். நான் அதையும் கணக்காக வாங்கிக் கொடுக்கவில்லை, பாதி நாள் நீங்கள்தான் கொடுத்தீர்கள். ஆகவே எழுத்திலாவது: நன்றி அண்ணே.

சாயல்குடி, கமுதி, கடலாடிப் பக்கம் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். நிஸ்வா சனையாவில் பதினைந்து வருஷம் போல இருந்துவிட்டு வந்த மேஸ்திரி, இடது கட்டைவிரலில் வெல்டிங் தழும்பு, மேல் பிளக்கைக் கழற்றாமல் கீழ் பிளக்கைத் தொட விடாதவர். அப்படி ஒருவர் உங்கள் ஊரில் பட்டறை வைத்திருந்தாலோ, வைக்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலோ, இந்தப் பக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள். பத்திரிகை முகவரிக்கு அவர் நம்பரை எழுதினால் எனக்கு வந்து சேரும்.

அண்ணே, உங்களுக்கு ஒரு ரிப்போர்ட் பாக்கி. போன வெள்ளிக்கிழமை வண்டி 2,60,000 கிலோமீட்டர் தொட்டது. மூன்றையும் மாற்றினேன். முன் ஹவுசிங் ஆயில் தெளிவாக இருந்தது, மாதாமாதம் வாதி (காட்டாறு) மணலில் 16 கிலோமீட்டர் ஃபோர் வீலில் ஓட்டுகிறேன். ட்ரான்ஸ்ஃபரில் ஒன்றும் குறையில்லை. பின் ஹவுசிங்கின் காந்தத்தைத் துடைக்குமுன் விரலில் தேய்த்துப் பார்த்தேன். பசைதான். சில் இல்லை.

இப்படிக்கு,
பம்ப்-செட் வண்டிக்காரத் தம்பி,
நிஸ்வா, ஓமான்.